“சூப்பர்” என்று சொல்லிவிட்டு அப்புறம் என்ன சொல்வது?

வாசகர் கேள்வி பதில்

பாட்டு வரி எதுவும் இல்லாமல், வாத்தியத்தை மட்டும் வைத்துச் சொந்தமாக இசை செய்கிற மலையகப் பிள்ளைகளுக்குக் கேட்பவர்களாகிய நாம் ஒழுங்காக ஒரு கருத்துச் சொல்வதே இல்லை என்று போன இதழில் எழுதியிருந்தேன். “எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை” என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள், “சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்” என்று வேறு சிலர். இசை செய்கிற பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். எனவே இந்த முறை பக்கம் முழுக்க இதற்குத்தான்.

என்னோடு படித்த நண்பன் கொழும்பில் கடையில் வேலை செய்துகொண்டே போனில் இசை செய்கிறான். நாலு நிமிஷ ட்ராக் ஒன்றை அனுப்பி “மச்சான், உண்மையைச் சொல்லு” என்றான். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. “சூப்பர்டா” என்று போட்டேன். அது அவனுக்குப் போதவில்லை என்று தெரிகிறது. நான் என்ன சொல்ல முடியும்?
– ஒரு வாசகர், பொகவந்தலாவை

ராகம் தெரியாதது ஒரு குறையே இல்லை தம்பி. ராகம் அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதது, தெரியவே முடியாதது ஒன்று இருக்கிறது: அந்த ட்ராக்கை முதல் தரம் கேட்கிற ஒருவனுக்கு அது எப்படி இருக்கும் என்பது. செய்து முடிப்பதற்குள் அவன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் எது வரும் என்று காது பழகிப்போயிருக்கும். முதல் தரம் கேட்கிற அந்தக் காது உங்களிடம்தான் இருக்கிறது, அதுவும் ஒரே ஒரு தரம்தான் இருக்கிறது. அதை பஸ்ஸில் நின்றுகொண்டு மெசேஜுக்குப் பதில் போட்டபடி வீணாக்கிவிடாதீர்கள். உட்கார்ந்து, நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை கேளுங்கள். மனசில் ஏதாவது நடந்தால் அந்த நிமிஷத்தையும் செக்கனையும் மட்டும் ஒரு துண்டில் குறித்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் விளக்கமெல்லாம் வேண்டாம். இரண்டாம் தரம் கேட்கும்போது அந்தந்த இடத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

மனசில் நடப்பது என்று நான் சொல்வது பெரிய விஷயம் எதுவும் இல்லை. எங்கே உள்ளே போனீர்கள், எங்கே கவனம் வெளியே போனது, எங்கே ‘இன்னும் எவ்வளவு இருக்கு’ என்று திரையைப் பார்த்தீர்கள், எந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்கத் தோன்றியது, எது எரிச்சலாக இருந்தது. அவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய அந்த ட்ராக்கை நானும் கேட்டேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவனுக்கு இப்படி எழுதுவேன்:

“மச்சான், ரெண்டு தரம் கேட்டேன். ஒண்ணு இயர்போன்ல, ஒண்ணு போன் ஸ்பீக்கர்ல. 0:52ல புல்லாங்குழல் வரும்போதுதான் உள்ளே போனேன். அதுக்கு முன்னாடி மழைச் சத்தம் மட்டும் போகுதே, அங்க ரெண்டு தரமும் எவ்வளவு நேரம் இருக்குன்னு பார்த்தேன். 1:40ல தபேலா சேர்ற இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆனா கொஞ்ச நேரத்துல கீழ ஒரு கனமான சத்தம் வருது, அது வந்ததும் தபேலாவோட ‘கும்’முங்கிற சத்தம் காணாமப் போச்சு. 2:30ல இருந்து அதே மெட்டு மூணு தரம் வருது, மூணாவது தரம் நான் வேற யோசனைக்குப் போயிட்டேன். கடைசியில குழல் மட்டும் தனியா நிக்குதே, அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுக் கேட்டேன்.”

இதில் ஒரு சங்கீதச் சொல் கூட இல்லை. ஆனால் இதை வாசித்ததும் அவனுக்கு விளங்கிவிடும். அந்தக் கனமான சத்தம் பேஸ். தபேலாவின் இடது கை முழக்கமும் பேஸும் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய அதே கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன, பலமானது பலவீனமானதை மூடிவிடும். இதைச் சரிசெய்யப் பல வழி உண்டு. பேஸின் அளவைக் குறைக்கலாம், அதன் சுரத்தை மேலே தூக்கலாம், தபேலா அடிக்கிற நொடியில் மட்டும் பேஸை ஒதுங்கவைக்கலாம், அந்த இடத்தில் பேஸே வேண்டாம் என்றும் முடிவெடுக்கலாம். எது என்பது அவன் வேலை. நீங்கள் “பேஸைக் குறைடா” என்று மட்டும் எழுதியிருந்தால் ட்ராக் முழுக்க பேஸைக் குறைத்திருப்பான், முழு ட்ராக்கும் சோப்ளாங்கியாகப் போயிருக்கும், தபேலா அப்போதும் சரியாகக் கேட்டிருக்காது. கேட்டதைச் சொல்லுங்கள், எந்த இடத்தில் என்று சொல்லுங்கள், மருந்தை அவனிடம் விட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்.

ஒன்று விட்டுவிட்டேன். பிடித்த இடத்தையும் நிமிஷத்தோடு எழுதுங்கள். மரியாதைக்காகச் சொல்லவில்லை. எது வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால், அடுத்த தரம் திருத்தும்போது அதையே வெட்டித் தூக்கிப்போட்டுவிடுவான்.

எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தப்படிக்கிற அண்ணன்மாரை லயத்து இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) அடிக்கவைத்து போனில் பதிவு செய்து, அதற்கு மேல் கிட்டாரும் கீபோர்டும் வைத்து ஒரு ட்ராக் செய்தேன். ஒருவர் “தப்பு ஒரே இரைச்சல், எடுத்துவிட்டு ட்ரம்ஸ் போடு” என்றார். இன்னொருவர் “தப்பு காதைக் குத்துது” என்றார். இரண்டு பேரும் ஒன்றைத்தானே சொல்கிறார்கள்? எடுத்துவிடவா?
– இசை செய்யும் ஒரு தம்பி, ஹட்டன்

எடுக்காதீர்கள். இரண்டும் ஒன்று இல்லை.

“காதைக் குத்துது” என்றவர் தன் காதில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அனுப்பியதைக் கேட்டேன், அவர் சொல்வது சரி. 0:38ல் அடி வேகமெடுக்கும்போது ஒவ்வொரு அடியின் தலையும் கிழிந்து ‘சட்சட்’ என்று வருகிறது. போன் மைக் தாங்குகிற அளவுக்கு மேல் சத்தம் போயிருக்கிறது. பதிவாகும்போதே கிழிந்துவிட்டால் அப்புறம் வால்யூமைக் குறைத்து ஒன்றும் ஆகாது, கிழிந்த சத்தம் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். திரும்பப் பதிவு செய்யுங்கள். போனைத் தப்பின் முகத்துக்கு நேரே பிடிக்காமல் சில அடி தள்ளி ஒரு பக்கமாக வையுங்கள். அண்ணனிடம் அவர் அடிக்கப்போகிற ஆகப் பலமான அடியை முதலில் அடித்துக் காட்டச் சொல்லி, அதற்குக் கிழியாத தூரம் எது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இஸ்தோப்பில் மேலே தகரம், கீழே சீமெந்து, பின்னால் சுவர். சத்தம் எல்லாப் பக்கமும் மோதித் திரும்புகிறது. பின்சுவரில் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

உங்களிடம் யாரும் சொல்லாத ஒன்று எனக்குக் கேட்டது. ஆரம்பத்தில் தப்பு ‘டண்’ என்று இறுக்கமாக நிற்கிறது. மூன்றாவது நிமிஷத்துக்குப் போகும்போது அதே தப்பு தொய்ந்து, கீழே இறங்கி, கீபோர்டோடு ஒட்டாமல் நிற்கிறது. அடிக்கிறவர் மேல் பிழையில்லை. நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கித்தான் தப்படிக்கிறார்கள், ஹட்டன் பக்கத்து மாலை நேர மூட்டத்தில் அந்தத் தோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு சீக்கிரம் தளர்ந்துவிடும். கீபோர்டுக்கு மூட்டமும் இல்லை, வெயிலும் இல்லை, அது இருந்த சுருதியிலேயே இருக்கும். அதனால் ஒரே மூச்சில் நாலு நிமிஷம் எடுக்காமல் பகுதி பகுதியாக எடுங்கள், ஒவ்வொரு பகுதிக்கு முன்னாலும் ஒரு தரம் காய்ச்ச நேரம் கொடுங்கள். இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை, அந்த அண்ணன்மாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். முடித்த ட்ராக்கை அவர்களுக்குப் போட்டுக் காட்டினீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. முதலில் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான். நீங்கள் லூப்புக்காக (திரும்பத் திரும்ப ஓடவிடுகிற துண்டுக்காக) அடியை எங்கே வெட்டியிருக்கிறீர்கள், வெட்டிய இடம் அடியின் முடிவா அல்லது நடுவிலா என்று அவர்களுக்கு உடனே தெரியும். காமன் கூத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. சந்தோஷமான மெட்டுக்குக் கீழே தெரியாமல் சாவுக்கான அடியை ஓடவிட்டால் கொழும்பில் கேட்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, தோட்டத்தில் கேட்கிறவருக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

சரி, “இரைச்சல், எடுத்துவிடு” என்றவருக்கு வருவோம். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்த இடத்தில் அண்ணே?” ஓர் இடத்தைக் காட்டினால், அவரும் கேட்டதைத்தான் சொல்கிறார், குறித்துக்கொள்ளுங்கள். “எல்லா இடமும்தான், தப்புன்னாலே அப்படித்தான்” என்றால் அது உங்கள் ட்ராக்கைப் பற்றிய கருத்தே இல்லை, தப்பைப் பற்றி அவர் வைத்திருக்கிற கருத்து. தப்பைக் கீழாகப் பார்க்கிற பார்வை நம் ஆட்களிடமும் இருக்கிறது, அதை மூடி மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. விடியற்காலையில் நம் சனத்தைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) எழுப்பிய சத்தம் அது, திருவிழாவுக்கும் கூத்துக்கும் சாவுக்கும் முன்னால் நடந்த சத்தம் அது. அதை உங்கள் இசைக்கு நடுவில் வைக்கிற முடிவு உங்களுடையது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

நான் செய்கிற எல்லாவற்றுக்கும் “வரி போட்டுப் பாடினா ஹிட்டாகும்” என்கிறார்கள். வாத்திய இசை என்றால் முடிக்காத பாட்டா?
– பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி

இல்லை தங்கச்சி. சாமி புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் மல்லாரி வாசிக்கிறார்களே, அதற்குச் சாகித்தியமே கிடையாது. கோயில் வாசலில் நின்று யாராவது “வரி எங்கே” என்று கேட்கிறார்களா?

ஆனாலும் அந்தக் கருத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். சில நேரம் அதற்குள் ஓர் உண்மை இருக்கும். கேட்கிறவருக்கு எதைப் பின்தொடர்வது என்று தெரியாதபோதுதான் குரலைத் தேடுவார். பின்னணிக்கு வைக்கிற கீபோர்ட் கோர்ட்ஸ், ட்ரம்ஸ், பேஸ் எல்லாம் இருந்து, முன்னால் நின்று பேசுகிற ஒரு மெட்டு இல்லாவிட்டால், “பாட்டு இல்லாத கரோக்கி மாதிரி இருக்கு” என்று தோன்றும், வாயில் அது “வரி போடு” என்று வரும். அதனால் திருப்பிக் கேளுங்கள்: “எந்த இடத்தில் பாட்டு வரும் என்று எதிர்பார்த்தீர்கள்?” ஒரே இடத்தைப் பலர் காட்டினால் அங்கே மெட்டு மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்துக்கு வயலினோ குழலோ உங்கள் கிட்டாரோ ஏதாவது ஒன்று முன்னால் வரட்டும்.

1823இல் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டத்துக்கு நம் ஆட்கள் வந்ததிலிருந்து 200 வருஷம் என்று கணக்கிட்டு 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்களே, அதை மனசில் வைத்து ஏழு நிமிஷத்துக்கு ஒரு வாத்திய இசை செய்தேன். கடல், காடு, மலை ஏற்றம் என்று மூன்று பகுதி. கேட்டவர்கள் யாருக்கும் அது புரியவில்லை. தோல்விதானா?
– ஒரு வாசகர், மாத்தளை

எப்படிக் கேட்கவைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கதையை முதலே சொல்லிவிட்டுப் போட்டால் எல்லோரும் “ஆமா, கடல் தெரியுது” என்பார்கள், அதை நம்ப முடியாது. ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டு “என்ன புரிஞ்சுது” என்று கேட்டால் பாவம், பரீட்சையில் உட்கார்ந்த மாதிரி முழிப்பார்கள். இரண்டு தரம் போடுங்கள். முதல் தரம் பெயர்கூடச் சொல்லாமல். முடிந்ததும் “எங்கேயெல்லாம் ஏதோ மாறின மாதிரி இருந்தது?” என்று மட்டும் கேளுங்கள். காடு என்று அவர் சொல்லத் தேவையில்லை. 2:20ல் ஏதோ இருண்டது, 4:50ல் மூச்சு வாங்கியது என்று சொன்னால் இசை வேலை செய்கிறது. அப்புறம் தலைப்பைச் சொல்லி இன்னொரு தரம் போடுங்கள். அப்போது முகம் மாறினால் தலைப்பும் வேலை செய்கிறது. வாத்திய இசையில் சொல் என்று இருப்பது தலைப்பு ஒன்றுதான், அதை நன்றாகப் பயன்படுத்துங்கள்.

உங்களுடையதைத் தலைப்புத் தெரியாமலே கேட்டேன். முதல் மாற்றம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது பகுதியிலிருந்து மூன்றாவதுக்குப் போனது தெரியவே இல்லை. வேகம், சுருதி, வாத்தியம் மூன்றுமே அப்படியேதான் இருக்கின்றன, சத்தம் மட்டும் கூடுகிறது. ஏற்றம் என்று நீங்கள் நினைத்தது எனக்கு நெருங்கி வருவதாகத்தான் கேட்டது. நடந்து களைத்தவர்கள் மலை ஏறினால் வேகம் குறையுமா கூடுமா, அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரே ட்ராக்குக்குப் பத்துப் பேர் பத்துக் கருத்துச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது, எதை விடுவது? தலை சுற்றுகிறது.
– நுவரெலியாவிலிருந்து ஒருவர்

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் நிமிஷ வரிசையில் எழுதிப் பாருங்கள், யார் சொன்னது என்பதை மறந்துவிட்டு. நீங்கள் அனுப்பியிருந்த கருத்துகளை நான் அப்படி அடுக்கினேன். ஒருவர் “ஆரம்பம் சரியில்லை” என்கிறார், ஒருவர் “வயலினைச் சீக்கிரம் கொண்டுவா” என்கிறார், இன்னொருவர் “முதலிலேயே ட்ரம்ஸ் போடு” என்கிறார். சொன்ன மருந்து மூன்றும் வேறு வேறு. ஆனால் மூன்று பேரும் கையை நீட்டுவது முதல் நாற்பது செக்கனை நோக்கித்தான். அங்கே ஏதோ இருக்கிறது, அது நிச்சயம். என்ன செய்வது என்பதில் மூன்று பேருமே பிழையாக இருக்கலாம். ஒருவேளை அந்த நாற்பது செக்கனை இருபதாக வெட்டினாலே போதும்.

ஒரே ஒருவர் மட்டும் சொன்னதை எல்லாம் தள்ளிவிட வேண்டும் என்று இல்லை, அவர் யார் என்று பாருங்கள். “குழல் மூச்சே விடாமல் வாசிக்கிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறாரே, அவர் புல்லாங்குழல் வாசிப்பவராகத்தான் இருக்க வேண்டும். கீபோர்டில் குழல் சத்தத்தை வைத்து அரை நிமிஷம் இடைவெளி இல்லாமல் ஓடவிட்டிருக்கிறீர்கள், மனுஷனால் அப்படி ஊத முடியாது. கேட்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது, “ஏதோ மெஷின் மாதிரி இருக்கு” என்பார்கள். அப்படியும் ஒருவர் எழுதியிருக்கிறார், பாருங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சுக்கு ஓர் இடம் விடுங்கள், இரண்டு பேரின் குறையும் தீரும்.

இன்னொன்று. பழைய மிக்ஸையும் (எல்லா வாத்தியத்தையும் அளவு பார்த்துக் கலந்து எடுத்ததை) புது மிக்ஸையும் போட்டுக் காட்டி “எது நல்லா இருக்கு” என்று கேட்கும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வையுங்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே மனுஷக் காதுக்கு அது நன்றாக இருப்பதாகத் தோன்றும், கீழ்ச்சத்தம் நிறைவாகக் கேட்கும். புதியதைச் சத்தமாக வைத்துவிட்டு அதற்கு வாங்கிய பாராட்டை நம்பாதீர்கள். “சத்தம் போதாது” என்று யாராவது சொன்னால் அதற்காகச் சின்னச் சத்தமும் பெரிய சத்தமும் ஒரே அளவாகும்படி ட்ராக் முழுவதையும் நசுக்கவும் வேண்டாம். யூடியூப், ஸ்பொட்டிஃபை இரண்டுமே அதிகச் சத்தமான ட்ராக்கை ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சத்தத்தை அளக்கிற அலகு) அளவுக்குத் தாங்களாகவே இறக்கிவிடும். நசுக்கியதில் போன உயிர் மட்டும் திரும்பி வராது.

நான் கொழுந்து பறிக்கப் போகிறவள். மகன் உயர்தரம் படிக்கிறான், ராத்திரியில் போனில் ஏதோ இசை செய்கிறான். “அம்மா கேளும்மா, எப்படி இருக்குன்னு சொல்லும்மா” என்கிறான். எனக்கு என்ன தெரியும்? நல்லா இருக்குய்யா என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன். அவன் முகம் வாடிப்போகிறது.
– ஒரு தாய், மஸ்கெலியா

அக்கா, அவன் உங்களிடம் கேட்பதே பெரிய விஷயம். ஒரு தரம் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். அப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். அடுத்த நாள் மலையில் நிற்கும்போது அந்த மெட்டில் ஏதாவது ஒரு துண்டு தானாக வாயில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை அவனிடம் முணுமுணுத்துக் காட்டுங்கள், பிழையாக வந்தாலும் பரவாயில்லை. எந்தத் துண்டு ஒட்டியது, அதை நீங்கள் எப்படி வளைத்துப் பாடுகிறீர்கள் என்பதை வைத்து அவன் நிறையக் கற்றுக்கொள்வான். ஒன்றுமே வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், “இன்னிக்கு ஒண்ணும் ஞாபகம் வரலய்யா, இன்னொரு தரம் போடு” என்று. அந்தச் சொல் அவனை வாட்டாது. கேட்காமலே நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போவதுதான் வாட்டுகிறது.

படிப்பு கெடுமே என்று பயமிருந்தால் அதை வேறு ஒரு நேரத்தில் பேசுங்கள். இசையைக் கேட்டு முடித்த கையோடு “இதையே செஞ்சுக்கிட்டு இரு” என்று ஆரம்பித்தால் அடுத்த ட்ராக்கை உங்களுக்குப் போட்டுக் காட்டமாட்டான்.

உண்மையாகத்தான் கருத்துச் சொன்னேன். அவன் யூடியூபில் போட்டிருந்த ட்ராக்குக்குக் கீழே “மிக்ஸிங் சரியில்லை, கிட்டார் சுருதி விலகுது, இன்னும் பயிற்சி வேண்டும்” என்று எழுதினேன். இப்போது பேசுவதே இல்லை. உண்மை சொன்னால் பிடிக்காதா?
– பதுளை வாசகர்

உண்மை இரண்டு, மூன்றாவது உண்மை இல்லை. “மிக்ஸிங் சரியில்லை”, “சுருதி விலகுது” இரண்டும் ட்ராக்கைப் பற்றியவை, எந்த இடம் என்று சொல்லாததால் அரைகுறை. “பயிற்சி வேண்டும்” என்பது அவனைப் பற்றிய தீர்ப்பு. அவன் எவ்வளவு பயிற்சி செய்கிறான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

சொன்ன நேரமும் சரியில்லை, இடமும் சரியில்லை. வெளியிட்ட பிறகு மிக்ஸைப் பற்றிச் சொல்லி அவனால் என்ன செய்ய முடியும்? யூடியூபில் போட்ட வீடியோவில் பழைய மிக்ஸுக்குப் பதிலாகத் தன் புது மிக்ஸை மாற்றி வைக்க முடியாது, எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும், வந்த பார்வைகளும் போய்விடும். அதுவும் அவன் மாமா, சித்தி, பள்ளிக்கூட சேர் எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வெளிவந்த ட்ராக்குக்குப் பொதுவில் எழுதுவதென்றால் பிடித்த இடத்தை நிமிஷத்தோடு எழுதுங்கள். குறையைத் தனியாக, அதுவும் “அடுத்ததைப் போடுறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புறியா?” என்று கேட்டு, அவன் அனுப்பினால் சொல்லுங்கள். அனுப்பும்போது “எதைக் கவனிக்கணும்?” என்றும் கேளுங்கள். மெட்டு சரியா என்று பார்க்க அனுப்பியவனிடம் ரிவெர்ப் (எதிரொலிப்பு) பற்றிப் பேசினால் இரண்டு பேருக்கும் நேரம்தான் வீண், அந்த ரிவெர்பை அவன் இன்னும் தொட்டிருக்கவே மாட்டான்.

இப்போதைக்கு ஒரு போன் போடுங்கள். “அந்தக் கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது” என்று சொல்லுங்கள். அதை அழித்தும் விடுங்கள்.

ஒரு பிள்ளையின் ட்ராக்கைக் கேட்டதும் ஏதோ ஒரு சினிமாப் பாட்டு ஞாபகம் வந்தது. காப்பி என்று சொல்லலாமா?
– கொட்டகலை

‘காப்பி’ என்ற சொல்லை வாயில் எடுப்பதற்கு முன் எது ஒத்துப்போகிறது என்று பிரித்துப் பாருங்கள். ராகம் ஒன்றாக இருந்தால் சாயல் வரத்தான் செய்யும். புன்னாகவராளியைத் தொட்டாலே மகுடி ஞாபகம் வரும், அதற்கு யார் என்ன செய்வது? ஆறெட்டுத் தாளத்தையும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, பைலாவும் அதில்தான் ஓடுகிறது, நம் கும்மியிலும் அந்த நடை உண்டு. மெட்டின் ஒரு வரி அப்படியே வந்தால் அது வேறு விஷயம். அப்போதும் “1:12லிருந்து 1:20 வரை இந்தப் பாட்டின் பல்லவி மாதிரிக் கேட்குது, நீங்களே ஒரு தரம் பக்கத்துல வச்சுக் கேட்டுப் பாருங்க” என்று பாட்டின் பெயரோடு சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாமல்தான் அது நுழைந்திருக்கும். சிறு வயதிலிருந்து பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் கேட்டது எங்கே போகும்?

இசை செய்கிறவர்களுக்கும் இதில் ஒன்று. நெட்டிலிருந்து எடுக்கிற ரெடிமேட் லூப்பை அப்படியே முன்னால் வைக்காதீர்கள். பாவிக்க அனுமதி இருந்தாலும் அதே லூப்பை இன்னும் எத்தனையோ பேர் எடுத்திருப்பார்கள், யூடியூபில் யாரோ ஒருவருடைய ட்ராக் என்று உங்கள் மேல் உரிமைக்கோரல் வரவும் வாய்ப்பிருக்கிறது.

கருத்துச் சொல்ல விலை கூடிய ஹெட்போன் வேண்டுமா? என்னிடம் சாதாரண இயர்போன்தான்.
– ஒரு மாணவி, தலவாக்கலை

வேண்டாம். நம் ஆட்களில் பெரும்பாலோர் அதில்தான் கேட்கப்போகிறார்கள், அதனால் உங்கள் காதுதான் அவர்களுக்குத் தேவை. போன் ஸ்பீக்கரிலும் ஒரு தரம் போடுங்கள். போன் ஸ்பீக்கருக்குச் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் போட வலு இல்லை, பேஸ் ஏறக்குறைய மறைந்துவிடும். அதனால் “பேஸே இல்லை” என்று போனில் கேட்டுவிட்டுச் சொல்லாதீர்கள். அதே நேரம் பேஸ் போனதும் மெட்டே காணாமல் போகிறது என்றால் அது சொல்ல வேண்டிய விஷயம். இயர்போனில் இரண்டு காதிலும் விரிந்து கேட்ட ஏதாவது ஒரு வாத்தியம் ஒற்றை ஸ்பீக்கரில் திடீரென்று மெலிந்துபோனாலும் சொல்லுங்கள். இடமும் வலமும் ஒன்றாகச் சேரும்போது சில சத்தங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், செய்கிறவர் இயர்போனிலேயே இருந்தால் அது அவருக்குத் தெரியவே தெரியாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டதை வைத்துச் சத்தத்தின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம், அது நசுங்கித்தான் வரும். கோப்பை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள், ரீலோட் கொஞ்சம் கூடப் போகும், பரவாயில்லை. எழுதும்போது எதில் கேட்டீர்கள் என்பதை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.